கண்ணாடி அறையும் கம்பெனி கேட்டும்

‘சூட்ஸ்’ தொடரை வக்கீல் கதை என்று நம்பிப் பார்க்க உட்காருகிற தமிழ் ரசிகருக்கு முதல் நாலைந்து பகுதிகளுக்குள்ளேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். கோர்ட் எங்கே? சாட்சிக் கூண்டைக் காணோம். கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க ஓடிவருகிற சாட்சியைக் காணோம். நியூயார்க்கின் வானளாவிய கட்டடம் ஒன்றில் சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. உள்ளே விறைப்பாகக் கோட்டு சூட்டு போட்ட இரண்டு பேர். கையில் ஒரு மெல்லிய கோப்பு. அந்தக் கோப்பை எதிராளியின் மேசையில் வீசிவிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கேஸ் முடிந்தது.

தமிழ்த் திரை நமக்குப் பழக்கிய வழக்கு வேறு மாதிரி. ‘கௌரவம்’ (1973) படத்தில் சிவாஜி கணேசனின் பாரிஸ்டர் ரஜினிகாந்த் தொடங்கி, ‘விதி’ (1984), ‘ஜெய் பீம்’ (2021) வரை கதை சூடு பிடிப்பது நீதிபதியின் முன்னால்தான். அங்கே வக்கீல் தனி ஆள். 2025-ல் ஜீ5 தளத்தில் வந்த ‘சட்டமும் நீதியும்’ தொடரில் சரவணன் நடித்த வக்கீலும் அப்படித்தான். பின்னால் நிறுவனம் என்று எதுவும் கிடையாது. (நம் படங்களில் நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். இந்திய நீதிமன்றங்களில் அந்தச் சுத்தியலே இல்லை.)

ஆரோன் கோர்ஷ் உருவாக்கிய ‘சூட்ஸ்’ 2011 ஜூனில் தொடங்கி 2019 செப்டம்பரில் முடிந்தது. ஒன்பது சீசன், 134 பகுதிகள். கதை நியூயார்க்கில் நடந்தாலும் பெரும்பாலும் எடுக்கப்பட்டது கனடாவின் டொரான்டோவில். ஆங்கிலத்தில் ‘சூட்’ என்றால் உடை, வழக்கு என இரண்டு பொருள். தொடரில் இரண்டுமே விலை உயர்ந்தவை. 2018-ல் கொரியாவிலும் ஜப்பானிலும் மறு ஆக்கம் வந்தது. 2023-ல் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் ஏற்றியபோது, முடிந்து நாலு வருடமான அந்தப் பழைய தொடரை அமெரிக்கர்கள் அந்த ஓராண்டில் மட்டும் 5,770 கோடி நிமிடங்கள் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது. அதில் நடித்த மேகன் மார்க்கெல் இதற்குள் இங்கிலாந்து அரச குடும்பத்து மருமகளாகியிருந்தார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கார்ப்பரேட் சட்ட நிறுவனம் என்பதுதான் என்ன? கொலைக் கேஸ், விவாகரத்துக் கேஸ் எடுக்காத வக்கீல் ஆபீஸ் என்று எளிதாகச் சொல்லலாம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது ஒப்பந்தம் எழுதுவது, வாங்குவதற்கு முன் அதன் கடன், வழக்கு, நிலப் பத்திரம் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பது, வங்கிக் கடனுக்குப் பத்திரம் தயாரிப்பது, தகராறு வந்தால் சமரசத் தீர்ப்பாயத்தில் வாதாடுவது ஆகியவை அவர்கள் வேலை. இதெல்லாம் மும்பையிலும் நியூயார்க்கிலும் நடக்கும் சமாச்சாரம் என்று நினைத்தால், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய்வரலாம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தின் பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. 1987-ல் அந்த வெளிநாட்டுப் பங்கை இந்துஜா குழுமம் வாங்கியது. திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் தயாரித்த என்ஃபீல்ட் இந்தியா 1990-களில் ஐச்சர் குழுமத்திடம் போனது. பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த பாரி கம்பெனி 1981-ல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்குப் பின்னாலும் பல நூறு பக்கக் காகிதம் இருக்கிறது. காலை ஷிஃப்டுக்குப் போனவர் பார்த்தது அதே கேட். பலகையிலோ சம்பளச் சீட்டிலோதான் ஏதாவது மாறியிருக்கும்.

அந்தக் காகிதங்கள் எழுதப்பட்ட தெருக்களும் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அர்மேனியன் தெரு. ‘அர்மேனியன்’ நாக்கில் புரளாமல் சென்னைவாசிகள் அதை அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 1908-ல் தொடங்கிய கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் போன்ற பழைய சட்ட நிறுவனங்கள் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவை. கண்ணாடி அறைக்குப் பதில் மாடிப்படியில் அடுக்கிய கேஸ் கட்டுகள். தொடரில் வரும் செயலாளர் டோனாவுக்குப் பதில் முப்பது வருட சர்வீஸ் உள்ள குமாஸ்தா. எந்த பெஞ்சில் எந்த கேஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதில் டோனாவை அவர் சுலபமாகத் தோற்கடித்துவிடுவார்.

தொடரின் நாயகர்கள் இருவரும் சென்னைக்கு வந்தால் நிலைமை சங்கடம். மைக் ராஸ் அபார நினைவாற்றல் உள்ளவன், ஆனால் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. பதிவு செய்யாமல் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் 45-வது பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. (தொடரிலும் அவன் ஐந்தாவது சீசன் முடிவில் ஜெயிலுக்குப் போகிறான்.) முறையாகப் படித்த ஹார்வி ஸ்பெக்டருக்கும் இங்கே கதவு முழுசாகத் திறக்காது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்ற கேள்வி 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. ஏ.கே. பாலாஜி வழக்கு என்று அதற்குப் பெயர்; எதிர்மனுதாரர்களாக முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள். 2012-ல் சென்னைத் தீர்ப்பும் 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின: எப்போதாவது விமானத்தில் வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம், இங்கே கடை விரிக்க முடியாது. 2023-க்குப் பிறகு பார் கவுன்சில் கதவைச் சற்றுத் திறந்திருக்கிறது. அப்போதும் உள்ளூர் கோர்ட்டில் வாதாட அனுமதி கிடையாது. போதாததற்கு, விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும் என்பது நம் பார் கவுன்சில் விதி. ஹார்விக்கு அதுதான் அதிகம் வலிக்கும்.

நகைச்சுவை இருக்கட்டும். ‘சூட்ஸ்’ பார்க்கும்போது மனத்தில் உறுத்துவது ஒன்று உண்டு. முக்கால்வாசிச் சண்டைகள் ‘செட்டில்மென்ட்’டில் முடிகின்றன. இரண்டு தரப்பு வக்கீல்களும் கை குலுக்குகிறார்கள். தொகை எழுதிய சீட்டு மேசையில் நகர்கிறது. அந்தத் தொகை யாருடைய வேலைக்கோ உடம்புக்கோ தண்ணீருக்கோ ஈடாகப் பேசப்பட்டதோ, அவர்கள் அநேகமாக அந்த அறையில் இருப்பதில்லை. இருந்தாலும் ஒரு காட்சியில் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். வட சென்னைக்கு அந்த அறையை வெளியிலிருந்து பார்த்த அனுபவம் நூறு வருடத்துக்கும் மேல்.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள், இரண்டையும் நடத்திய பின்னி கம்பெனி. மக்கள் வாயில் அது பின்னி மில். சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா, அன்னி பெசன்ட்டின் பிரம்மஞான சபைக்காரர். உடன் நின்றவர்கள் திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு. 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. அப்போது கம்பெனி போலீஸை மட்டும் நம்பவில்லை, வக்கீல்களிடமும் போனது.

அவர்கள் எடுத்த ஆயுதம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. ஒருவர் இன்னொருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை முறிக்கும்படி மூன்றாம் ஆள் தூண்டினால், தூண்டியவர் நட்டஈடு தர வேண்டும் என்பது அங்கே 1853 முதல் இருந்துவந்த கோட்பாடு. தொழிலாளிக்கும் ஆலைக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது. வேலைக்குப் போகாதே என்று வாடியா தூண்டுகிறார். ஆகவே நட்டத்தை வாடியா கட்ட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வழக்கு. வாடியாவும் சங்கத்தாரும் தொழிலாளரைத் தூண்டக் கூடாது என்று இடைக்காலத் தடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் 1906-லேயே தனிச் சட்டம் போட்டு இத்தகைய வழக்குகளிலிருந்து தொழிற்சங்கங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். அதாவது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி தன் சொந்த ஊரில் செய்ய முடியாத காரியத்தைச் சென்னையில் செய்ய முடிந்தது, இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால். ஹார்வி ஸ்பெக்டர் பார்த்தால் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

முடிவும் ‘சூட்ஸ்’ பாணிதான். செட்டில்மென்ட். கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பதிலுக்கு வாடியா தொழிலாளர் இயக்கத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிட வேண்டும். வாடியா விலகினார். தொழிலாளரின் தலைவர் யார் என்பதைத் தொழிலாளர் இல்லாத இடத்தில் வக்கீல்கள் எழுதி முடித்தார்கள்.

ஆனால் கதை அந்த அறையோடு நிற்கவில்லை. 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் முன்வைத்த காரணங்களில் முக்கியமானது பின்னி வழக்கு. அதிலிருந்து பிறந்தது 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம். அதன் 18-வது பிரிவைப் படித்தால் வாடியா வழக்கை எதிரே வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கும்: தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது அந்தப் பிரிவு. பெரம்பூர் ஆலைத் தகராறு ஒன்று, நாடு முழுக்க எல்லாத் தொழிற்சங்கத்துக்கும் கவசமானது.

அதே ஆலையில் இன்னொரு வழக்கு. இதைத் தொடராக எடுத்தால் கற்பனை என்பார்கள். 1948 நவம்பர் 1, சூரிய கிரகணம். அன்றைக்கு லீவு வேண்டும் என்று கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் கேட்டார்கள், நிர்வாகம் மறுத்தது. கார்டிங், ஸ்பின்னிங் பகுதியின் இரவு ஷிஃப்ட்காரர்கள் சில மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கினார்கள். கம்பெனியின் வாதம் இது: அந்தச் சில மணி நேரம் சட்டவிரோத வேலைநிறுத்தம். அதனால் தொடர் சர்வீஸ் அறுந்துவிட்டது. தொடர் சர்வீஸ் இல்லாதவருக்குச் சம்பளத்தோடு வருடாந்திர விடுமுறை கிடையாது. கிரகணம் விட்டுப்போய் நாலு வருடம் கழித்து, 1952-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘வேலைநிறுத்தம்’ என்றால் என்ன என்பதற்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கை எடுத்துக்காட்டுகிறார்கள். பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது.

துறைமுகத்துக்கு வந்தால் நாடகம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் இங்கே கப்பலையே கைது செய்யலாம். உவமைக்குச் சொல்வது இல்லை, சட்டத்தில் அதற்குப் பெயரே ‘அரெஸ்ட்’தான். எரிபொருள் கொடுத்தவருக்குப் பாக்கி, மாலுமிக்குச் சம்பளப் பாக்கி, சரக்கு நனைந்து கெட்டது என எதுவாக இருந்தாலும் கப்பலின் உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார். அவரைத் தேடிப் போக முடியாது. அதனால் வழக்கைக் கப்பலின் மீதே போடுகிறார்கள். பிரதிவாதி என்ற இடத்தில் ‘எம்.வி.’ என்று தொடங்கும் கப்பலின் பெயரே இருக்கும். கப்பல் கிளம்பிவிட்டால் எல்லாம் போச்சு என்பதால் நேரம்தான் முக்கியம். உயர் நீதிமன்றத்தின் கைது உத்தரவு துறைமுக அதிகாரிக்கும் சுங்கத்துக்கும் கப்பல் கேப்டனுக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் நங்கூரம் எழாது. உரிமையாளர் தரப்பு வங்கி உத்தரவாதமோ பணமோ கட்டினால் கப்பல் விடுதலை.

1840, 1861, 1890 எனப் பல ஆண்டுகளின் வெள்ளைக்காரர் காலச் சட்டங்களை வைத்தே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரல் 1 முதல்தான் இந்தியாவின் சொந்தக் கடல்வழக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் ஒரு நல்ல விஷயம், கப்பலின் மீது பல பேருக்கு உரிமை இருக்கும்போது முதல் வரிசையில் நிற்பது மாலுமிகளின் சம்பளம். உரிமையாளர் கைவிட்ட கப்பல் என்றால் உள்ளே இருப்பவர்கள் நிலைமை என்ன ஆகும் என்பதைச் சென்னை கண்ணால் பார்த்திருக்கிறது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். வெளிக்கடலில் நங்கூரமிட்டிருந்த ‘பிரதீபா காவேரி’ கரைதட்டியது; உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள்.

கடல் சட்டத்தில் கரைக்காரர்களுக்கு எளிதில் விளங்காத இன்னொரு ஏற்பாடும் உண்டு. கப்பல் உரிமையாளர் தன் பொறுப்புக்கு உச்சவரம்பு கேட்கலாம். அந்த வரம்பைக் கணக்கிடுவது கரையில் எவ்வளவு நட்டம் என்று பார்த்து இல்லை. கப்பல் எத்தனை டன் என்று பார்த்து. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும் ‘டான் காஞ்சிபுரம்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மோதி, கரிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியபோது, இளைஞர்கள் பக்கெட்டால் அதை அள்ளிய படங்கள் நாடெங்கும் வந்தன. பக்கெட் ஏந்தியவர்களில் எத்தனை பேருக்கு இந்த டன் கணக்கு தெரிந்திருக்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில், எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, தன் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கார்ப்பரேட் சட்டத்தின் மையக் கேள்வி இங்கே பச்சையாகத் தெரிகிறது: பெருமழைதான் கொண்டுபோனது என்று ஒரு தொழிற்சாலை சொல்லிவிட்டு ஒதுங்கலாமா? பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒதுங்க இடம் உண்டு. ‘கடவுள் செயல்’ என்றே அந்த விலக்குக்குப் பெயர். டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த இடத்தை அடைத்துவிட்டது. அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் பார்க்கிறவர், அதனால் வரும் சேதத்துக்கு விலக்கே இல்லாமல் பொறுப்பு. போபாலுக்கு இரண்டு வருடம் கழித்து வந்த தீர்ப்பு அது. எழுத்தில் இந்தியச் சட்டம் இவ்வளவு கறார்.

கையில் வந்தது எவ்வளவு? தமிழக அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் சுமார் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுகளுக்குத் தலா 10,000. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. வலையும் படகும் தார் பூசியதுபோல் ஆகி, பிடித்து வந்த மீனை வாங்க ஆள் இல்லாமல் போன நாட்களுக்கு ஒரு வீட்டுக்கு வந்தது அந்தப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ‘சூட்ஸ்’ தொடரில் ஹார்வி அணியும் கோட்டுகளில் ஒன்றின் கைப்பகுதியைக்கூட அதில் தைக்க முடியாது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். டாம் ஃபோர்டு கடை விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

‘சூட்ஸ்’ மோசமான தொடர் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வசனத்தின் வேகமும் ஹார்வி, அவரது சக வக்கீல் லூயிஸ் இருவரின் பொறாமைச் சண்டையும் பார்ப்பவரை விடாது. அதன் கண் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிறது என்பதுதான் குறை. இந்தியில் 2022-ல் வந்த ‘கில்ட்டி மைண்ட்ஸ்’ பெரிய சட்ட நிறுவனத்துக்கு எதிரே ஒரு சின்ன வக்கீல் ஆபீஸை நிறுத்திக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. தமிழில் அந்த முயற்சி இன்னும் பாக்கி. தம்புச்செட்டித் தெருவில் தொடங்கி எண்ணூர் கழிமுகத்தில் முடிகிற ஒரு தொடருக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை: விலகச் சொல்லப்பட்ட தலைவர், கிரகணத்தால் போன விடுமுறை, கைதான கப்பல்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் கூடுகிறது. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடப்பது. யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். உத்தரவுகள் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுத நினைப்பவர்கள் எண்ணூர் வழக்குகளிலிருந்து தொடங்கலாம்.